எல்லா வீட்டு ஃபிரிட்ஜிலும் அதே மருந்து

கோவிட் அடங்கிய மறு வருடம், மலேசியாவில், செலாயாங்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. வயிற்றுப்போக்கு நிற்கும், சில நாள் நன்றாக இருப்பான், மறுபடி ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிவிடுவேன். மருந்தில்லாமல் வெளியே வந்தால் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளையோ இளைத்துக்கொண்டே போனான்.

என் நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? "உன் கை சுத்தம் பத்தல லா" என்று வரும்போதெல்லாம் சொன்னார். பதில் பேச எனக்கும் வாய் உண்டு. ஆனால் அது உண்மையாக இருக்குமோ என்று உள்ளுக்குள் பயம். அதனால் பிள்ளையின் சீக்கை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அவன் துவண்டு விழ, அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அக்கா, உங்க ஃப்ளாட்ல மத்த வீட்டுப் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. குடலில் நல்ல கிருமிகளும் இருக்கின்றன, தேவையில்லாமல் அடிக்கடி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அவையும் அழிந்துபோகும் என்று விளக்கினார். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன் என்றேன். பால் புட்டியை எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். குழாய்த் தண்ணீரில்தான்.

வீடு திரும்பியதும் வெட்கத்தை விட்டு, எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவின் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். அதே மருந்து பாட்டில். பக்கத்து வீட்டிலும் அதே, மேல்மாடியிலும் அதே. ஒவ்வொரு தாயும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர்தான். அதைப் பார்க்கச் சொல்லி, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனோம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் நகரவில்லை. கடைசியில் எங்களோடு மொட்டைமாடித் தொட்டியைப் போய்ப் பார்த்தார்கள். மூடி உடைந்து கிடந்தது. அடியில் சேறு, மேலே புறா இறகு. அதைப் படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்பினேன்.

தொட்டியைக் கழுவி மூடி போட்ட பிறகு, கஞ்சியும் தயிருமாக என் பிள்ளை மெல்லத் தேறினான். ஒரு பிள்ளை இளைத்தால் தாயைக் குற்றவாளியாக நிற்க வைப்பது எவ்வளவு சுலபம், ஒரு தொட்டிக்கு மூடி போட வைப்பது எவ்வளவு சிரமம் என்று நினைத்தால், இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.