புளி போட்டுத் தேய்த்த கிளிப்புகள்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையிலிருக்கிற அத்தனையையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் கங்காதரன் சென்னீர்குப்பத்தில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்கிற கடை வைத்திருக்கிறார். ஸ்பேனர், சுத்தியல், கம்ப்ரசர், காலண்டர் மாட்டுகிற ஆணி வரைக்கும் சந்தனம் குங்குமம் ஏறினால்தான் எனக்குத் தூக்கம் வரும். இந்த வருஷமாவது இந்தக் கை சும்மா இருந்திருக்கக் கூடாதா!

கடைக்குள் விக்ரம் சாருடைய கார் நின்றது. அறுபத்து நாலாம் வருஷத்து ஃபியட், அவர் அப்பா ஓட்டியது. அவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர், பூந்தமல்லியில் ஃப்ளாட். வலது பக்கம் துருப்பிடித்ததால் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். அடிப்பதற்கு முன்னால், பக்கவாட்டில் அழகுக்காக ஓடுகிற பளபளப் பட்டையைக் கழற்ற வேண்டும். விரல் அகலம், அப்பளம் மாதிரி மெல்லிசு. மடங்கினால் மடங்கினதுதான், வேறு தேடினாலும் கிடைக்காது. அதைக் கழற்ற என் வீட்டுக்காரர் இரண்டு நாள் எடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல். என்னடா இது புதுப் பழக்கம் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காட்டுப்பாக்கத்துக்காரர் ஒருவரின் பழைய காரில் பட்டை மாட்டும்போது நடுவில் மடங்கிவிட்டது. "கங்காதரன் கிட்ட மட்டும் குடுக்காதீங்க" என்று அந்த ஆள் பழைய கார் வைத்திருக்கிற எல்லோரிடமும் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! அவர் வீட்டு கேட்டிலேயே போய் நின்று, "உன் தகரம் இத்துப் பூட்ச்சின்னா என் ஊட்டுக்காரு இன்னாய்யா பண்ணுவாரு?" என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்திவிட்டு வந்தேன். அதற்கப்புறம் வந்த முதல் பழைய கார் இதுதான். இதுவும் மடங்கினால் அவர் பெயர் மொத்தமாகப் போய்விடும்.

விஜயதசமியன்று பதினோரு மணிக்கு விக்ரம் சார் வண்டியை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள்தான் தொட வேண்டும் என்பதால், பெயின்ட் முடிந்த வண்டியில் பட்டை மாட்டுகிற வேலையும் அந்தக் காலைக்குத் தள்ளிப்போனது. எட்டரைக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் அவர் மேஜையைப் பார்த்தார்.

"பேப்பர் மேல இருந்த கிளிப்பு எங்க மே?"

"சாமி முன்னாடி கிண்ணத்துல கீது. புளி போட்டுத் தேய்ச்சேன். எப்டி மின்னுது பாரு!"

"அந்தப் பேப்பரு?"

"கசக்கிப் போட்டேன்."

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பட்டையைப் பிடிக்கிற கிளிப்புகளுக்குக் காரில் பன்னிரண்டு ஓட்டை. பழைய ஓட்டைகள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் தகுந்தபடி ஒவ்வொரு கிளிப்பையும் வளைத்து, பேப்பரில் நம்பர் எழுதி அதன் மேல் வைத்திருந்தாராம். மாற்றிப் போட்டால் பட்டை தூக்கிக்கொள்ளும், அமுக்கினால் மடங்கும்.

"ஒவ்வொண்ணுக்கும் ஜாதகம் கீதுன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று திருப்பிக் கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். வளைத்தவர் அவர்தானே, அடையாளம் தெரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் பன்னிரண்டும் வரிசைக்கு வந்தன. அப்பாடா என்றிருந்தது. ஆனால் மனிதர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்பதரை ஆயிற்று. வாங்கி வந்த டீ ஆறி ஆடை கட்டியது.

"இன்னும் இன்னாய்யா குந்திகினு கீற? எந்திரி!"

வலது கையை என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கிக்கொண்டிருந்தன. காலையில் கற்பூரத் தட்டிலும் அந்த நடுக்கத்தைப் பார்த்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணு வருசமா இப்டித்தான். டாக்டராண்ட காட்னேன், மாத்திர குடுத்துகீறாரு. காட்டுப்பாக்கத்துக்காரர் பட்டை இத்துப்போகல மே. நான்தான் மடக்கினேன்."

அந்த கேட்டில் நின்று நான் கத்தியது காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னிடம் கூடச் சொல்லாமல் மூன்று வருஷம்! அழுகையும் ஆத்திரமுமாக வந்தது, ஆனால் மணி பத்தைத் தொட்டிருந்தது.

"உன்ன அப்பாலிக்கா வெச்சிக்கிறேன். இப்ப இன்னா செய்யணும், சொல்லு."

அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, கிளிப்புகளை ஓட்டைகளில் நான் பொருத்தினேன். பட்டையின் மேல் விளிம்பை முதலில் கிளிப்பில் மாட்டி, துணி போட்டுக் கட்டைவிரலால் கீழே சாய்க்க வேண்டும். "அமுக்காத. சாய்ச்சிக்கினே போ" என்றார். டக். இன்னொரு டக். ஏழாவதில் பட்டை புடைத்துக்கொண்டு எழுந்தது.

"நிறுத்து!"

விரலை எடுத்தால் மடங்குமா, எடுக்காவிட்டால் மடங்குமா, தெரியவில்லை. "கையெடுக்காத. மேல லேசாத் தூக்கு. இன்னும் கொஞ்சம். இப்போ." டக். புடைப்பு அடங்கியது. மிச்ச ஐந்தை எப்படி மாட்டினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

விக்ரம் சார் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். முன்னாலிருந்து பின்னால் வரை பட்டையைத் தடவிக்கொண்டே நடந்தார், இரண்டு தடவை.

"கழட்டி மாட்டுனதே தெரியலண்ணே. காட்டுப்பாக்கத்துல ஒருத்தர் உங்ககிட்ட குடுக்கவே கூடாதுன்னாரு. அவர்கிட்ட காட்டணும், அவர் சொன்னது பொய்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், போன பெயர் திரும்பி வந்துவிடும்.

"பொய் இல்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "அவரு பட்டைய நான்தான் மடக்கினேன். எனக்குக் கை நடுங்குது. இத மாட்டுனது இவ."

விக்ரம் சார் அவரைப் பார்த்தார், சிவந்து வீங்கியிருந்த என் கட்டைவிரல்களைப் பார்த்தார். மூன்றாவது தடவையாகப் பட்டையைத் தடவினார். பாவி மனுஷா, இப்படிச் சொல்லிவிட்டாயே!

"உங்க நம்பர் குடுங்கக்கா" என்றார், போனை எடுத்துக்கொண்டே. "ஆபீஸ்ல ஒருத்தர் இதே மாதிரி வண்டி வெச்சிருக்காரு."

சொன்னேன். பாதியில் ஓர் எண் தப்பிப்போய், முதலிலிருந்து திரும்பவும் சொன்னேன்.