கட்டிலுக்குப் பின்னால் நாலடி

டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் படுக்கையறையில் பீரோவைத் தூக்கக் கை வைத்த நேரத்தில் பாவாயியின் போன் வந்தது. "அண்ணா, அவரு போயிட்டாருங்க" என்றார். பதினெட்டு ஆண்டுகள் என்னோடு டைல்ஸ் ஒட்டிய நாமகிரிப்பேட்டை நாச்சிமுத்து இறந்துவிட்டார். பாவாயி அவர் மனைவி.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். சுவரின் அடியில், தரையை ஒட்டி நான்கு விரல் உயரத்துக்கு ஓடும் டைல்ஸ் பட்டியை ஸ்கர்ட்டிங் என்போம். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பீரோவும் கட்டிலும் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டி முடித்துவிடுவது தொழிலில் சகஜம். நான் எத்தனையோ வீட்டில் அப்படிச் செய்திருக்கிறேன். நாச்சிமுத்து இருந்தால் நடக்காது.

ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மாவுக்குப் பீரோவைக் காலி செய்யத் தயக்கம். வேலையாட்கள் முன்னால் நகையும் துணியும் எப்படி எடுப்பது? அந்த இடம் அப்படியே இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். மதியத்துக்குள் கிளம்பிவிடலாம் என்று எனக்குச் சந்தோஷம். நாச்சிமுத்து எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவருகில் நின்று, "பீரோவுக்குப் பின்னாலயும் சொவருதானுங்கம்மா. நீங்க மெதுவா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். அரை நாள் போயிற்று. தெருவென்றும் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கத்தினேன். கடைசியில் பீரோவை நகர்த்தினால் பின்னால் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே மூன்று துண்டுகளை நூல் பிடித்து ஒட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பீரோவை வைத்து மறைத்தோம். ஊர் போய்ச் சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

இத்தனைக்கும் அவர் சொந்த வீட்டுப் படுக்கையறைக்கு ஸ்கர்ட்டிங் கிடையாது. டைல்ஸ் வாங்கி அடுக்கி வைத்தே வருடங்கள் ஓடிவிட்டன. போன ஆண்டு நோய் எலும்புவரை பரவி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, படுத்தபடி அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பாவாயி சொன்னார். நான் ஆட்களோடு போனேன். தூசி உள்ளே வராமல் தெருவில் வைத்து அறுத்து, மூன்று சுவரை முடித்தோம். நான்காவது சுவரில்தான் அவர் கட்டிலின் தலைமாடு ஒட்டி நின்றது.

நகர்த்து என்றார். நான்கு பேர் கால்களைப் பிடித்து ஒரு விரற்கடை தூக்கினோம். சத்தம் போடாமல் பல்லைக் கடித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இறக்கச் சொல்லிவிட்டேன். "இந்த நாலடிய அப்பறம் ஒட்டிக்கலாம்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் என்றால் எப்போது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பென்சில் கேட்டார்.

"அளவ இப்பவே எடுத்து அறுத்து வச்சுக்க மாப்ள. அப்பறம் வந்தீன்னா டேப்பு உன்ற கண்ணுக்குத் தெரியாது."

நான் கட்டிலுக்கடியில் படுத்து அளவு சொன்னேன். இரண்டு முழுத் துண்டு, ஓரத்துக்கு ஒரு சின்னத் துண்டு. படுத்தபடியே ஒவ்வொன்றின் முதுகிலும் அளவை அவரே எழுதினார். அறுத்து வந்ததும் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் வைக்கச் சொன்னார்.

கருமாதி முடிந்த மறுநாள் போனேன். கட்டில் இல்லாத அந்த இடத்தில் மூன்று துண்டுகளும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவர் சொன்னதுதான் நடந்தது, எனக்குக் கண் தெரியவில்லை. டேப்பை எடுக்கவே இல்லை. முதுகைக் கவனிக்காமலே இரண்டை ஒட்டிவிட்டேன். சின்னத் துண்டைத் திருப்பினால் முதுகில் அவருடைய கோணல் எழுத்து. பசை தடவினால் அது மறைந்துவிடும். அந்த இடத்துக்குப் பீரோ வரப்போகிறது, இந்தத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாலும் யாருக்கும் தெரியாது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பசை தடவி ஒட்டினேன். நூலிழை பிசகாமல் உட்கார்ந்தது. காய்ந்த பிறகு நானும் பாவாயியின் தம்பியும் பீரோவைத் தள்ளி அதை மறைத்தோம். அவர் கையெழுத்து அதற்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் எடுத்து வந்தது அவ்வளவுதான்.