பெண்கள் பக்கம் திரும்பியிருந்த திரை

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறிக்கிறாள். ஈரம், சாக்கு என்று ஏதாவது சொல்லி நிறுக்குமிடத்தில் தினமும் எடையைக் கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்பது பறித்தவளுக்குத் தெரியாது. கொச்சியில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த ஆத்திரத்தில்தான் ஒரு நிரல் எழுதினேன். அதைத் தராசோடு இணைத்தால் மொத்த எடை, கழித்தது, மீதி மூன்றும் பெண்கள் பக்கம் திருப்பி வைத்த திரையில் தமிழில் பெரிதாகத் தெரியும்.

அம்மாவின் எஸ்டேட்டில் இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன். நிரலை ஓப்பன் சோர்ஸாக இணையத்திலும் வைத்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று உரிமத்தில் எழுதிக் கொடுத்தேன். பெரிய தர்மப்பிரபு என்று நினைப்பு.

இந்த ஓணத்துக்கு வந்தபோது திரையைக் காணோம். ஆபீஸ் கணினியில் ஏதோ கம்பெனியின் பெயர், பச்சை இலைப் படம், வருடச் சந்தா. உள்ளே என் நிரலின் ஈயடிச்சான் காப்பி. கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"சார், ஒர்க்கர் ஸ்கிரீன் பிரீமியம் பிளான்லதான் வரும். உங்க எஸ்டேட் பேசிக்தான் எடுத்திருக்காங்க" என்றாள் ஒரு பெண்.

அதை எழுதியதே நான்தான் என்றேன்.

"அப்படியா சார், சூப்பர்!"

போனை வைத்தேன். விற்கட்டும், விற்கலாம் என்று எழுதிக் கொடுத்தவனே நான்தானே. ஆனால் அந்தப் பெண்களுக்காகச் செய்த ஒரே ஒரு காரியத்தைத் தனியாக வெட்டியெடுத்து, அது இருக்கவே கூடாது என்று நினைக்கும் எஸ்டேட்டிடமே அதற்கு விலை சொல்லியிருக்கிறார்கள். த்தூ!

பழையதையே சும்மா போட்டுத் தருகிறேன் என்று மலையாளி மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மிஷின் நின்னா அவங்க ஆளு ரெண்டு மணிக்கூர்ல வரும் தம்பி. நீங்க வருவீங்களா?"

எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "திருட்டுப் பயலுக!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவனுவ திருடுனானுவளோ என்னமோ. போன வருசம் மழையில ஒன் மிஷின் நின்னு போச்சு. நாங்க அத்தன பேரும் கொழுந்தோட நனஞ்சுக்கிட்டு நின்னோம். நாலு தடவ ஒனக்கு அடிச்சேன். நீ எடுக்கல. அதுக்கப்புறந்தான் அவனுவளக் கூப்புட்டாங்க."

அந்த அழைப்புகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஓசியில் கொடுத்ததற்கு இத்தனை தொந்தரவா என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். நிரல் யாருக்கும் சும்மா கிடைத்தது. கூப்பிட்டால் வருகிற ஆளைத்தான் அந்தக் கம்பெனி விற்றது. அவர்கள்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை, இப்போது அதில் எனக்கும் பங்கு இருந்தது.

மறுநாள் அம்மாவோடு நிறுக்குமிடத்துக்குப் போனேன். சாக்கைத் தராசில் ஏற்றிவிட்டு, எத்தனை கிலோ என்று தெரிந்துகொள்ள, நிறுப்பவனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.