ஒன்பதரை

ஒரு பார்க் அவரிடம் எட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்குவது கல்லில் நார் உரிப்பது போல என்று ஸ்கேட்போர்டில் சறுக்குகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பகலெல்லாம் அவருக்கு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. லீவு நாட்களில் ஸ்கேட்போர்டு சங்கத்துக்காக ஊர் ஊராகப் போய், புதிதாகக் கட்டிய கான்கிரீட் ஸ்கேட்பார்க்குகளைப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். முழங்கால் போனபிறகு அவர் சறுக்குப் பலகையில் ஏறுவதில்லை. ஏறாதவனுக்கு என்ன மார்க் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு, அதை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவர் மனைவி இன்னும் சறுக்குகிறாள். நாற்பதைத் தாண்டிய வயதில், இரண்டு முழங்கையிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து, பயந்துபோய் வருகிறவர்களிடம் “வலிக்கவே வலிக்காதுங்க” என்று சொல்வது அவள் பிழைப்பு.

அவர் பார்க்கும் விதமே தனி. ஆட்கள் வருவதற்கு முன்னால், விடிந்ததும் போய்விடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு முழுக்க நடப்பார். வளைவுகளை உள்ளங்கையால் தடவுவார். கடைசியில் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து மேல் விளிம்பிலிருந்து உருட்டிவிட்டு, அது எங்கே தயங்குகிறது, எங்கே துள்ளுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். “கூட்டம் இருந்தா பார்க் தெரியாது, ஆளுங்கதான் தெரிவாங்க” என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைதான் மனுஷனைக் கவிழ்த்தது.

அவர் ஊரிலேயே, பழைய கிடங்குகளை இடித்த இடத்தில் ஒரு பார்க் கட்டினார்கள். கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு ஆழமான குழிகள், கிண்ணம் என்பார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலான சுவர். இரண்டு கிண்ணத்திலிருந்தும் வழுவழுவென்று ஒவ்வொரு பாதை கிளம்பி, சுவரின் முனையில் வளைந்து, ஒன்றாகச் சேர்ந்து ஓடியது. பந்தை விட்டார். உயிருள்ளது போலப் போனது. எந்த இடத்திலும் தட்டவில்லை, தயங்கவில்லை. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பதரை போட்டார்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நகராட்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ‘பத்துக்கு ஒன்பதரை’ என்று பெரிய பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மனைவி தனியாகப் போய்ச் சறுக்கிவிட்டு வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அந்தச் சுவர் முனைக்கு வரும்போது எதிர்ல யாரோ வர்ற மாதிரி சத்தம் கேக்குதுங்க. பாத்தா ஒருத்தரும் இல்ல. என் சக்கரச் சத்தம்தான் சுவத்துல பட்டுத் திரும்புது. நல்லா ஏமாத்துது” என்றாள்.

அவள் சிரித்தாள். அவரோ ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, காலையில் இன்னொரு பந்து வாங்கிக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு போனார். அவள் ஒரு கிண்ணத்தின் மேல், அவர் இன்னொன்றின் மேல். “விடு” என்று கத்தினார். இரண்டு பந்தும் இறங்கின, வளைந்தன, சுவர் முனையில் ஒன்றையொன்று பார்க்காமலே வந்து முட்டித் தெறித்தன. மறுபடி விட்டார்கள். மறுபடியும் முட்டின. எத்தனை தடவை விட்டாலும் அதே இடம். இத்தனை வருடமும் அவர் கையில் ஒரே ஒரு பந்துதான் இருந்திருக்கிறது.

நேராக நகராட்சிப் பொறியாளர் அம்மாவிடம் ஓடினார். சுவரின் முனையைக் கொஞ்சம் இடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

“சார், நீங்க போட்ட மார்க்தான வாசல்ல தொங்குது? இப்ப இடிங்கன்னா மேல நான் என்ன சொல்றது?”

“தப்பாப் போட்டுட்டேம்மா. ஆளில்லாத பார்க்கைப் பாத்துப் போட்டுட்டேன்.”

“அப்ப மத்த ஊர் பார்க்குக்கெல்லாம்?”

அந்த அம்மா குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவர் எழுந்து வந்தார்.

விழா நடந்தது. அன்று மாலையிலிருந்து, கடை முடிந்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு பாதையும் சேரும் இடத்தில் நட்டநடுவே போட்டு உட்கார ஆரம்பித்தார். நடுவில் ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்ததால் எல்லோரும் வேகத்தைக் குறைத்தார்கள், அவரைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். “ஒன்பதரை, எந்திரி!” என்று கத்தினார்கள். பெயரே ஒன்பதரை என்றாகிவிட்டது. மனைவிக்குத்தான் மானம் போனது.

“நீங்க போட்ட மார்க்குக்கு நீங்களே காவலா? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். யாரும் சாகாம இருந்தாப் போதும்.”

“அப்ப நீங்க சாயங்காலம் உக்காருங்க. நான் விடியக்காலைல போய்க்கிறேன். அப்ப ஒரு ஈ காக்கா இருக்காது.”

சொன்னபடியே செய்தாள். மறுநாள் அவர் கண் விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலி, கதவோரம் அவள் சறுக்குப் பலகையும் இல்லை. நாற்காலி நினைவுகூட வரவில்லை. கெட்டுப்போன முழங்காலோடு தெருவெல்லாம் நொண்டி நொண்டி ஓடினார்.

வாசலுக்கு வரும்போதே சக்கரச் சத்தம் கேட்டது. அவளுடையதுதான், லேசாகக் கிறீச்சிடும் சக்கரம். கூடவே இன்னொரு சத்தம். எதிரொலிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்தச் சத்தத்தில் கிறீச் இல்லை.

கத்தினார். சக்கரச் சத்தத்தில் அது எடுபடவில்லை. எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது, சுவர் முனையில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். மேற்கிலிருந்து ஒரு தபால்காரர், வேலைக்குப் போகுமுன் சறுக்க வந்தவர், இவரைக் கண்டு பலகையிலிருந்து குதித்துப் புல்லில் உருண்டார். கிழக்கிலிருந்து வந்த மனைவி ஒடித்துத் திரும்பிச் சுவரில் மோதினாள். எலும்பு முறிந்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தபடி அவள் தபால்காரரைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. “என் சத்தம்னுதாங்க நெனச்சேன்” என்றாள்.

இப்போது அந்த இடத்தில் இரண்டு நாற்காலிகள். கட்டுப் போட்ட கையோடு அவள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், அவர் மேற்கே பார்த்து. சுவரைப் பற்றிப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்கிறது நகராட்சி. வாசலில் மார்க் பலகை அப்படியே தொங்குகிறது.

நேற்று சாயங்காலம் அவள் திடீரென்று கேட்டாள். “ஏங்க, முன்னால நீங்க மார்க் போட்ட அந்தக் கடலோரத்துப் பார்க்லயும் நடுவுல ஒரு சுவர் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“அதுக்கு எத்தன போட்டீங்க?”

“எட்டு.”

இரண்டு கிண்ணத்திலிருந்தும் சக்கரங்கள் இறங்கும் சத்தம் வந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி இருவரும் கையைத் தூக்கினார்கள்.