துரைசானி தோட்டத்துச் சாவி

உங்களுக்கு இதெல்லாம் என்னத்துக்கு? வேலை வெட்டி இல்லையா? பூங்காவில் ஒரு கல்லைப் பார்த்துக் கிழவி தனியாகச் சிரித்தாள் என்று என் பேத்தி சொல்லியிருப்பாள், நீங்களும் கதை கேட்க வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. கேட்டுவிட்டு அப்புறம் மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் இல்லை. என்னை ஏரிப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவன், நடுவில் நிற்கிற நினைவுக் கல்லின் மேலும் குழாயைத் திருப்பினான். வெயில் பட்ட கருங்கல்லில் தண்ணீர் விழுந்தால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. கூடவே மஞ்சள் வாசனையும் வந்தது. அங்கே மஞ்சள் ஏது? என் மூக்கிலேயே இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. இந்த ஊர் மைசூருக்குப் போகுமா, மெட்ராசோடு நிற்குமா என்று டீக்கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. என் கவலையெல்லாம் சாந்தக்காவின் இடுப்பில் தொங்கிய சாவிதான்.

சாந்தக்கா எங்கள் பக்கத்து வீடு. வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியும் அவர் சம்சாரமும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்களாம். வேதம் சொன்னார்களாம், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்களாம். கடைசியில் அந்த அம்மாவையே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவர்கள் குடியிருந்த இடத்தில் சபைக்காரர்கள் கல் நட்டு, வேலி போட்டு, இரண்டு சிமென்ட் பெஞ்சு வைத்துப் பூங்காவாக்கியிருந்தார்கள். ஊருக்கு அது துரைசானி தோட்டம். முதன்முதலில் வேதத்தில் சேர்ந்தது சாந்தக்கா குடும்பம் என்பதால் கேட் சாவி அவர்களிடம். வருஷத்துக்கு ஒருமுறை நினைவு நாளுக்கு முந்தின சாயங்காலம் கல்லைக் கழுவுகிற உரிமையும் அவர்களுக்குத்தான்.

நினைவு நாளில் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள். வெள்ளைப் புடவையில் நிற்கும் சாந்தக்காவிடம் கை கொடுப்பார்கள். போட்டோ பிடித்தால் அவளை முன்னால் நிறுத்துவார்கள். கல்லில் இருக்கிற எழுத்தை அவள் விரல் வைத்துப் படித்துக் காட்டுவாள். நான் இரண்டாம் கிளாசோடு எருமை மேய்க்கப் போனவள். இதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் களி தின்றுகொண்டே, "அந்தப் புள்ளையப் பாரு, எவ்ளோ நறுவிசா இருக்குது" என்றார். அன்றைக்குக் களியில் மண் கடித்ததற்கு நான் பொறுப்பில்லை.

அந்த வருஷம் அவள் தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேலி ஓரம் போய் நின்றேன்.

"யக்கா, நானும் ஒரு குடம் ஊத்தட்டா?"

"வேணாண்டி. எங்க வூட்டு ஆளுங்கதான் கழுவணும், அதான் வழக்கம்."

"நான் ஊத்துனா கல்லு கோவிச்சுக்குமா?"

"கல்லு கோவிச்சுக்காது. எங்க சபைப் பாதிரியார் கோவிச்சுக்குவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனை மோர் குடித்தும் அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

மறுநாள் கோழி கூவும்போதே குடத்தோடு கிளம்பினேன். வேலியில் ஆடு நுழைகிற சந்து ஒன்று இருந்தது. ஆடு நுழைந்தால் நான் நுழையக் கூடாதா? அவள் கழுவிய கல்லை நான் இன்னொரு முறை, அவளைவிட நன்றாகக் கழுவினேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கல்லைக் கழுவினால் கை அதோடு நிற்காது. குளிப்பாட்டிவிட்டு வெறும் நெற்றியோடு நிறுத்திவிட்டு வருவதா? அதுவும் ஒரு பொம்பளையை? மஞ்சளும் குங்குமமும் உன் மடிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. மஞ்சளைக் குழைத்து அப்பினேன், மூன்று பொட்டு வைத்தேன், உச்சியில் கனகாம்பரம் செருகினேன். கல் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கும்பிட்டு வேண்டிக்கொள்ளவும் செய்தேன்: "தாயே, அவ இடுப்புல அந்தச் சாவி இருக்கக் கூடாது."

காலையில் பஸ் வந்தது. பாதிரியார் முன்னால் நடக்க, சாந்தக்கா பூட்டைத் திறந்தாள். நான் தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி இடுப்பில் குடத்தோடு வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பாதிரியார் கத்துகிற மனுஷர் இல்லை.

"சாந்தம்மா, நேத்து பூட்டுனது யாரு?"

"நாந்தாங்க ஐயா."

"சாவி?"

"எங்கிட்டதாங்க இருந்துச்சு."

"நாலு தலைமுறை ஆச்சேம்மா. இன்னுமா பழசு போகல?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை, குடத்தைப் பிடித்திருந்த கையை. மஞ்சள் ஒரு கழுவலில் போகிறதா? மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. சட்டென்று கையை முந்தானையில் மறைத்தேன். மறைத்ததையும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், என் மானம் ஏரி தாண்டிப் போயிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். சாவியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். தன் வெள்ளை முந்தானையாலேயே கல்லைத் துடைத்தாள்.

சாயங்காலம் அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிதறின மணிகளைப் பொறுக்கி முறத்தில் போட்டேன். அவளே சொன்னாள்: "எலுமிச்சந்தோல் போட்டுத் தேச்சிக் கழுவுடி. உன் வூட்டுக்காரரு பாத்தா கேப்பாரு."

பாதிரியார் வீடு நாலு தெரு தள்ளித்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று அந்த நாலு தெருவை நான் நடக்கவே இல்லை. சாவி சபை கிளார்க்கின் மேஜைக்குப் போனது. அடுத்த வருஷம் சாந்தக்காவின் புருஷனுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அவள் செத்த சேதி எனக்கு வந்து சேரவே ரொம்ப நாள் ஆயிற்று.

இப்போது அந்தச் சுரங்கமும் இல்லை. வேலி இல்லை, ஆடு நுழைகிற சந்து இல்லை. கேட்டில் பூட்டே கிடையாது. ஷூ போட்டுக்கொண்டு யார் யாரோ கல்லைச் சுற்றி நடக்கிறார்கள். சாவி என்று ஒன்று இருந்ததற்கு நான்தான் சாட்சி, அதுவும் எப்பேர்ப்பட்ட சாட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். முதல்முறையாக, கல்லுக்குப் பொட்டு வைத்ததையும் சாவி போனதையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பாட்டி எதையாச்சும் கட்டி வுடுவாங்க" என்றாள் ஒருத்தி. நான் அவர்களிடம் அளந்துவிட்ட கதைகள் அத்தனை, அவர்கள்மேல் தப்பில்லை.

இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக்கா கடைசி வரைக்கும் கண்டே புடிக்கலையா பாட்டி?"

"அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டா. வாயத்தான் தொறக்கல. அவ எடத்துல நானா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன். அதாம்மா, இன்னிக்கு வரைக்கும் அவளை நெனச்சா எனக்கு வயிறு எரியுது."