உபதேசியார் மாசிலாமணியின் முடிவுள்ள நரகம்

இலங்கையில் உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உபதேசியாராக இருந்தவர் மாசிலாமணி. போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வார், பிள்ளைகளுக்கு வேதப்பாடம் சொல்வார், செத்தவர்களைப் புதைப்பார். வேலையோடு இரண்டு அறை வீடும் கிடைத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். இதை மனைவி சுந்தரம்மா வாரந்தோறும் நினைவூட்டுவாள், முக்கியமாகப் பிரசங்கத்துக்கு முன்.

தொழிலாளர்களை மேய்க்கும் பெரிய கங்காணி ஆசீர்வாதம் வேதக் கோவிலில் முன் பெஞ்சுக்காரர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவரும் ஒரு பிரசங்கம் வைப்பார். தொழிற்சங்கத்தில் சேருகிறவன் நரகத்துக்குப் போவான், அங்கே நெருப்பு ஒருநாளும் அணையாது என்பதுதான் அதன் சாரம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய இந்தத் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள். பூமியில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களுக்கு நரகத்தில் மட்டும் நிரந்தரப் பிரஜாவுரிமை தாராளமாகக் கிடைத்தது.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் விட்டுப்போன ஆங்கில இறையியல் சஞ்சிகைகள், கோவில் ஆர்மோனியத்தின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஐம்பத்தேழாம் ஆண்டு ஒருநாள் மாசிலாமணி அவற்றை உருவி வாசித்தார். அன்று முதல் ஆர்மோனியம் ஆடியது. உபதேசியாரும் ஆடிப்போனார்.

சஞ்சிகைகள் பேசியது ஓரிஜனைப் பற்றி. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்த வேத விளக்கக்காரர். கடவுளின் நெருப்பு பழிவாங்க அல்ல, சுத்தப்படுத்தவே. கடைசியில் எல்லாரும் கரையேறலாம் என்று நம்பியவர். அவர் செத்து முந்நூறு ஆண்டு கழித்து, சபைக்காரர்கள் அவரைப் பதிதர், தப்பான போதனைக்காரர் என்று தள்ளிவைத்தார்கள். பதில் சொல்ல வாயில்லாத ஆளைக் கூண்டில் ஏற்றுவது எல்லா அதிகாரத்துக்கும் வசதிதான். இக்கால ஆராய்ச்சியாளர்கள் அந்த வழக்கைத் திரும்பவும் எடுத்திருந்தார்கள். கண்டிக்கப்பட்ட கூற்றுகளில் பல பின்னால் வந்தவர்களுடையவை. மூல நூல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது, மொழிபெயர்த்தவர்களும் கைவைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் வெடிமருந்து வைக்க எகிப்தில் குகைகளைத் துப்புரவாக்கியபோது அவருடைய எழுத்தின் பழைய படிகள் வெளிவந்திருக்கின்றன. ஆகவே தீர்ப்பை அப்படியே நம்பக்கூடாது என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மாசிலாமணி ஓரிஜன் பேரைச் சொல்லிப் பிரசங்கித்தார். "தேயிலை ஸ்டோர்ல கொழுந்தை நெருப்புல காட்டுறது கருக்கவா? தூளாக்கத்தானே. கருக்கிட்டே இருந்தா தூள் போடுற டீமேக்கரைத் தோட்டத்துத் துரை வேலையை விட்டே அனுப்பிருவாரு. கடவுள் டீமேக்கரை விட மோசமா?"

கங்காணி மாத்தளைப் போதகரிடம் முறைப்பாடு செய்தார். கோவில் கூரைக்குத் தகரம் தருவதாகக் கங்காணி சொல்லியிருந்ததால் போதகர் அடுத்த பஸ்ஸிலேயே வந்து, கோவிலில் எல்லாரையும் கூட்டி விசாரணையைத் தொடங்கினார்.

"நரகம் முடிஞ்சிரும்னு சொல்றாருங்க ஐயா" என்றார் கங்காணி. "அப்புறம் எவன் காலையில எந்திரிச்சு வேலைக்கு வருவான்? இவரை நிப்பாட்டணும்."

"அந்த ஓரிஜனைத் திருச்சபை தள்ளிவச்சது தெரியும்தானே உபதேசியாரே?" என்றார் போதகர்.

"தெரியுங்க ஐயா. அவரு சொன்னதுக்குத் தள்ளிவச்சாங்களா, அவரு பேரைச் சொல்லி மத்தவங்க சொன்னதுக்கான்னு இப்ப படிச்சவங்க கேக்குறாங்க. பிரான்ஸ்ல, ஜெர்மனியில."

"அவங்களுக்கு நம்ம தோட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் கங்காணி.

கொழுந்து பறிக்கும் வேலம்மா எழுந்தாள். கங்காணியிடம் அவள் பட்ட பாடு ஊரறிந்தது. அவள் தன் பக்கம் பேசுவாள் என்று மாசிலாமணி நம்பினார்.

"நானும் கங்காணி பக்கந்தாங்க" என்றாள். கங்காணி மீசையைத் தடவினார். "இந்த மனுசன் என்னைக்கும் எரிவாருன்னு நெனச்சுத்தான் நான் கோயிலுக்கே வாறேன். இவரையும் ஒருநாள் வெளிய விட்ருவாங்கன்னா எனக்கு எதுக்குங்க கோயிலு? வீட்டுல கெடந்து துணி தொவைப்பேன்."

இரண்டு தரப்பும் கைவிட்டதும் மாசிலாமணி சுந்தரம்மாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே மனதுக்குள் சட்டிபானை கட்டத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து அழகையா எழுந்தார். தொழிற்சங்கத் தலைவர். கோவில்காரர் அல்ல. ஆனால் கங்காணி இருக்கும் பேச்சுவார்த்தை எதையும் அவர் தவறவிட்டதில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்கி வாங்க" என்றார். "முடிவே இல்லாத ஒப்பந்தம்னு ஒண்ணு உலகத்துல கெடையாது. கங்காணிக்கு நரகத்துல லட்சம் வருசம்னு வைப்போம். வேலம்மாக்கா, சம்மதமா?"

வேலம்மா யோசித்தாள். "லட்சம்னா சரி."

சங்கம் ஒரு தொகை சொன்னால் அதைப் பாதியாக்குவது கங்காணிக்கு இருபது வருடப் பழக்கம். "லட்சமா? அம்பதாயிரத்துக்கு மேல பேச்சே இல்ல."

"தொண்ணூறு" என்றார் அழகையா.

"அறுபது. கடைசி."

"கொழுந்து பறிச்சே காய்ச்சுப்போன வேலம்மாக்கா கையைப் பாருங்க கங்காணியாரே. மனச்சாட்சியோட பேசுங்க."

எழுபத்தையாயிரத்தில் முடிந்தது. இருபத்தையாயிரம் வருடத்தை வெட்டிவிட்ட பெருமையோடு கங்காணி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

போதகர் மெல்லக் கேட்டார்: "அப்ப எழுபத்தையாயிரத்துக்குப் பொறகு?"

"வெளிய விட்றணும்ங்க. பேசி முடிச்சாச்சு. ஒருநாள் கூட வச்சாலும் ஒத்துக்கமாட்டேன்" என்றார் கங்காணி.

"உபதேசியாரும் அதைத்தானே சொன்னாரு?"

கங்காணி வாயைத் திறந்தார். ஒப்பந்தத்தை மீறினால் நாளைக்கே வேலைநிறுத்தம் என்றார் அழகையா. கங்காணி வாயை மூடினார். முறைப்பாட்டுக்கு இனி ஆதாரம் இல்லை, உபதேசியார் வேலையில் இருக்கட்டும் என்று போதகர் தீர்ப்புச் சொன்னார். கூரைத் தகரத்தின் கதி என்ன என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்குப் பல ஆண்டு பிடித்த வேலையை ஒரு கூலிப் பேரம் ஒரு பிற்பகலில் முடித்துவிட்டது.

எல்லாரும் கலைந்த பிறகு கங்காணி உபதேசியாரைக் கோவில் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்த எகிப்து ஆளு," என்றார் தணிந்த குரலில், "நரகத்துல ஞாயித்துக்கெழம லீவைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காரா?"

"தேடிப் பாக்குறேன்" என்றார் மாசிலாமணி.