சத்தம் எங்கிருந்து வந்தது

ஆயுத பூஜையன்று என் கணவர் சாமி படத்துக்கு வைத்த பொட்டைவிடக் காருக்கு வைத்த பொட்டுதான் பெரியது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். கதவு இரண்டே இரண்டு, என்ஜின் மட்டும் லாரிக்கு வைக்கிற அளவு. கனடாவில், மொன்ட்ரியாலை ஒட்டிய கர்க்லாண்டில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்றால், பார்க்க வரும் நண்பர்கள் செருப்பைக் கழற்றாத குறைதான்.

அந்த வருடம் அது சத்தம் போட ஆரம்பித்திருந்தது. என்ஜின் சூடானபிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் பூஜையில் இருந்ததால் அன்று யாரும் கருவியைத் தொடக்கூடாது. வாய்க்குத் தடையில்லை. இவரும் நண்பர்கள் மூன்று பேரும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். நால்வருமே கம்ப்யூட்டர்காரர்கள். என்ஜினுக்குள் பேரிங் போய்விட்டது, முழுசாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.

நான் சுண்டல் தட்டுகளோடு நின்றிருந்தேன். "என்ஜின்ல ஒண்ணும் இல்லங்க. புகைக்குழாய் ஆரம்பிக்கிற எடத்துல ஒரு வால்வு இருக்கு. அதோட ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும்" என்றேன்.

"சுண்டல்ல உப்பு கம்மியா இருக்கு. மொதல்ல அத ரிப்பேர் பண்ணு" என்றார் இவர். நண்பர்கள் சிரித்தார்கள்.

கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவள் நான். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இங்கே வந்தபோது, இன்ஜினியராக வேலை பார்க்கத் தனியாகப் பரீட்சைகள் எழுத வேண்டும் என்றார்கள். "மொதல்ல நான் செட்டில் ஆயிடறேன்" என்றார் இவர். இருபத்தாறு வருடமாக செட்டில் ஆகிக்கொண்டே இருக்கிறார். நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போனேன். மூக்கு துடைத்துவிட்ட குழந்தைகளிடமே இந்த ஊர் பாஷையான பிரெஞ்சும் கற்றுக்கொண்டேன். இவருக்கு இன்றுவரை வணக்கம் சொல்லும் போன்ஜூர், நன்றி சொல்லும் மெர்சியைத் தாண்டாது.

மறுநாள் இவர் ஆபீஸ் போனதும் காரைக் கிளப்பினேன். சூடாகிச் சத்தம் வந்ததும், நீளமான ஸ்குரூ டிரைவரால் அந்த வால்வின் வெளிப்பக்கத்தில் தொங்கும் இரும்பு எடையை ஆடாமல் அழுத்தினேன். சத்தம் நின்றது. விட்டேன், வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

குளிரில் மூடிக்கொண்டு சூட்டை என்ஜின் பக்கம் திருப்பிவிடுகிற சின்னத் தகடு அது. அதை ஆடாமல் பிடிக்கும் ஸ்பிரிங் பாதிதான் இருந்தது. புதிய ஸ்பிரிங் தபாலில் வர நான்கு நாள். அதற்குள் துருப்பிடித்த தண்டுக்குத் தினமும் எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டித் தட்டி, விரலால் தள்ளினாலே திரும்புகிற பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்பிரிங்கை மாட்டியபோது என் நகமெல்லாம் கருப்பு. அன்று சோப்பு போட்டுக் கழுவ மனசே வரவில்லை.

சத்தம் போய்விட்டது என்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன். பாராட்டவில்லை. "என்னத்தத் தொட்ட? யாரக் கேட்டுத் தொட்ட?" என்று கத்தினார். என்ஜினைப் பிரிக்க ஏற்கெனவே நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு மெக்கானிக்கிடம் நாள் வாங்கியிருந்தார். நான் எதைக் கெடுத்தேன் என்று பார்க்கவும் அதே மெக்கானிக்தான். அந்த மெக்கானிக்குக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும் என்பதால், பேசுவதற்கு நானும் போனேன்.

வெள்ளைத் தாடிக்கார மெக்கானிக் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். என்ஜின் நன்றாக இருக்கிறது, பிரிக்கவே வேண்டாம் என்றார். பெரிய மெக்கானிக்குகளே பார்க்காமல் விடுகிற இடம் இது, இவ்வளவு சுத்தமாக யார் செய்தது என்று கேட்டார். அதை ஒன்று விடாமல் இவருக்குத் தமிழில் சொன்னேன்.

இவர் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நான்தான் பண்ணேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். இவருடைய பொய்யை என் வாயால், நான் கற்ற மொழியில், இலக்கணப் பிழைகூட இல்லாமல் சொன்னேன். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பக்கம் திரும்பி, இப்படி ஒரு கணவர் கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றார்.

"என்ன சொல்றான்?" என்றார் இவர்.

அதையும் மொழிபெயர்த்தேன்.